ஜப்பானியத் திரைப்பட வரலாற்றாய்வாளர் ஆவது எப்படி: சிங்கப்பூரிலிருந்து ஒரு வழி

ஆயிரம் ஜப்பானியப் படம் பார்த்தவர் ரசிகர். அந்த ஆயிரத்தில் ஒரு படம் எந்த நாளில், எந்த அரங்கில், எத்தனை மீட்டர் நீளத்தில் ஓடியது, இன்று நம் கைக்குக் கிடைக்கும் பிரதியில் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தாளைக் காட்டிச் சொல்பவர் வரலாற்றாய்வாளர். வேலையில் பாதிக்கு மேல் திரைக்கு வெளியேதான்: பழைய பத்திரிகை, தணிக்கைப் பதிவு, நிறுவனங்களின் விளம்பரத் தாள், மைக்ரோஃபிலிம். இது பிடிக்காதவர் விமர்சகராகப் போவது நல்லது. அதுவும் மதிப்பான வேலைதான்.

இந்தப் பெயரில் சிங்கப்பூரில் வேலை விளம்பரம் வராது. பல்கலைக்கழகம், காப்பகம், திரைப்பட விழா, மொழிபெயர்ப்பு, எழுத்து எனப் பல இடங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் வாழ்க்கை அமையும். அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்க வேண்டும்.

மொழிதான் முதல் வாசல்

வசனவரியை நம்பிப் படம் பார்க்கலாம், வரலாறு எழுத முடியாது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலை. சிங்கப்பூரில் ஜூலையிலும் டிசம்பரிலும் எழுதலாம். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது என்2, முனைவர் பட்ட ஆய்வு தொடங்கும்போது என்1 கையில் இருந்தால் போதும். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படிப்பவருக்கு இதற்கு நான்கைந்து ஆண்டு பிடிக்கும்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. ‘கினோ மித்தா எய்கா’ என்றால் ‘நேற்று பார்த்த படம்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ‘மித்தா’ நம் பெயரெச்சம் போலவே பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘டோக்கியோ நி’ என்பது ‘டோக்கியோவுக்கு’. ஆகவே வகுப்பில் ஜப்பானிய வாக்கியத்தை மனத்துக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றிப் புரிந்துகொள்ளாதீர்கள். நேரே தமிழுக்கு மாற்றினால் இரண்டு திருப்பங்கள் மிச்சம். (ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியியலாளர் இந்த ஒற்றுமைகளிலிருந்து இரு மொழிகளுக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நமக்கு வேண்டியது இலக்கண வசதி மட்டும்.)

சீனத்திலிருந்து வந்த ‘கஞ்சி’ எழுத்தில் அந்தச் சலுகை தீர்ந்துபோகும். சீனம் படித்த சக மாணவர் முதல் ஆண்டிலேயே முந்திவிடுவார். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள். நாளுக்கு ஐந்து புதிது, இருபது பழையது என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு சுற்று முடியும். எழுதிப் பழகுவதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டாம். ஆய்வாளருக்கு வேண்டியது வாசிப்பும், அகராதியில் தேடும் வேகமும்தான்.

என்1 தேறியவர்கூட 1930களின் திரைப்பட இதழைத் திறந்தால் திகைப்பார். காரணம், 1946ல் வந்த எழுத்துச் சீர்திருத்தம். அதற்கு முந்தைய அச்சில் கஞ்சி எழுத்துகள் பழைய, கோடு அதிகமுள்ள வடிவத்தில் இருக்கும். ‘எய்கா’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தே இன்றைய வடிவத்தில் இருக்காது. ஒலியை மட்டும் காட்டும் அசையெழுத்துக்கும் (கானா) வேறு மரபு: ‘கெஃபு’ என்று எழுதியிருப்பதை ‘க்யோ’, அதாவது ‘இன்று’, என்று படிக்க வேண்டும். யானைத் துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளைப் பார்த்து இன்றைய மாணவர் தடுமாறுவதைவிட இது பல மடங்கு கடினம். ஆனால் மூன்று மாதம் தினமும் ஒரு பக்கம் படித்தால் கண் பழகிவிடும். என்2 முடித்த கையோடு தொடங்கிவிடுங்கள், என்1 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெயர்கள் கடைசிவரை தொல்லை தரும். ஒரே எழுத்தைப் பல விதமாக வாசிக்கலாம், ஒரே ஒலிக்குப் பல எழுத்து இருக்கும். ஷிமிசு ஹிரோஷி என்ற ஒலிப்பில் இரண்டு இயக்குநர்கள் உண்டு: ஒருவர் 1903ல் பிறந்து 1966ல் மறைந்தவர், மற்றவர் நம் காலத்தவர். எழுத்து வேறு, ஒலி ஒன்று. தரவுத்தளங்களில் இவர்களுடைய படங்கள் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். எனவே குறிப்பேட்டில் எந்தப் பெயரையும் ஜப்பானிய எழுத்து, அசையெழுத்து வாசிப்பு, தமிழ் வடிவம் என மூன்றாகவே எழுதுங்கள்.

தமிழ் வடிவத்தைப் பற்றி ஒரு சொல். நம்மவர் பலரும் ‘ஓசு’ என்று நெடிலில் எழுதும் இயக்குநரின் பெயர் ஜப்பானியத்தில் குறிலில்தான் தொடங்குகிறது: ஒஸு யசுஜிரோ. ஒனோ வேறு குடும்பம், ஓனோ வேறு குடும்பம். ஆங்கிலம் மேற்கோடு போட மறந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். குறில் நெடில் உள்ள நமக்கு அந்தச் சிக்கலே இல்லை, ஆங்கிலத்தைப் பார்த்து எழுதாமல் இருந்தால். மறுபக்கம், க, த, ப வரிசையில் வன்மையும் மென்மையும் நம் எழுத்தில் தெரியாது. அதனால்தான் அசையெழுத்து வாசிப்பும் பக்கத்தில் வேண்டும் என்கிறோம். வாசகருக்கான கட்டுரையில் ‘அகிரா குரோசாவா’ போல வேரூன்றிவிட்ட வடிவத்தை மாற்றிச் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஒரு படத்துக்கு ஓர் அட்டை

பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை போடுங்கள். காகிதமோ கணினிக் கட்டமோ, இவை இருக்க வேண்டும்: மூலத் தலைப்பு, அதன் வாசிப்பு, தயாரிப்பு நிறுவனம், படப்பிடிப்புக்கூடம், முதல் வெளியீட்டு நாளும் அரங்கும், வெளியானபோது இருந்த நீளம் மீட்டரில், நீங்கள் பார்த்த பிரதி எது, அது எத்தனை நிமிடம் ஓடியது. கடைசி இரண்டையும் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிழை நுழைவதும் அங்கேதான்.

நீளத்தை நிமிடமாக்கும் கணக்கு எளிது. 35 மி.மீ. பேசும்படம் நொடிக்கு 24 சட்டம் (பிரேம்) ஓடும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 27.4 மீட்டர். பதிவில் 2,400 மீட்டர் என்று இருந்தால் 87, 88 நிமிடம். நீங்கள் பார்த்த பிரதி 71 நிமிடமே ஓடினால் கால் மணி நேரத்துக்கு மேல் காணவில்லை என்று பொருள். மௌனப் படத்தில் வேகம் நிலையாக இராது. அதே 2,000 மீட்டர், நொடிக்கு 16 சட்டத்தில் ஓட்டினால் 109 நிமிடம், 24 சட்டத்தில் 73 நிமிடம். ஆகவே மௌனப் படத்தின் நீளத்தை நிமிடத்தில் எழுதினால் வேகத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஐரோப்பாவில் வெளியான பழைய டிவிடிகள் நொடிக்கு 25 சட்டம் ஓடுவதால் நான்கு விழுக்காடு சுருங்கியிருக்கும். 136 நிமிடப் படம் 130 நிமிடம் சொச்சம்தான் காட்டும். அதைத் தணிக்கை வெட்டு என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

உண்மையிலேயே வெட்டுப்பட்டவையும் ஏராளம். குரோசாவாவின் 1951ஆம் ஆண்டுப் படம் ‘ஹகுச்சி’ 265 நிமிடமாக எடுக்கப்பட்டது, இன்று இருப்பது 166 நிமிடம். கினுகாசா தெய்னொசுகே 1926ல் எடுத்த ‘குருத்தா இப்பேஜி’ தொலைந்ததாகவே கருதப்பட்டு, 1971ல் அவர் வீட்டுக் கிடங்கிலிருந்தே கிடைத்தது, அதுவும் குறைந்த நீளத்தில். போருக்கு முந்தைய ஜப்பானியப் படங்களில் மிகச் சிறு பங்குதான் தப்பியிருக்கிறது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள், 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கம், 1945 வான்தாக்குதல் ஆகியவை எல்லாரும் சொல்லும் காரணங்கள். குறைந்த எண்ணிக்கையில் பிரதி எடுத்து, ஊர் ஊராகத் தேயும்வரை ஓட்டியது அவ்வளவாகப் பேசப்படாத காரணம். எனவே ஒரு படைப்பாளியின் ‘வளர்ச்சி’யை எழுதும் முன், தப்பிய படங்களை மட்டும் வைத்தா அதைச் சொல்கிறோம் என்று அட்டைகளை எண்ணிப் பாருங்கள். யமனாகா சதாவோவின் இருபதுக்கு மேற்பட்ட படங்களில் முழுமையாகக் கிடைப்பவை மூன்றே.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். ஜப்பானியப் பதிவுகள் பேரரசர் ஆட்சிக்காலத்தில் ஆண்டைச் சொல்லும். மெய்ஜி ஆண்டுடன் 1867, தைஷோவுடன் 1911, ஷோவாவுடன் 1925 கூட்டுங்கள். ஷோவா 13 என்றால் 1938. தைஷோ 15ம் ஷோவா 1ம் ஒரே 1926தான், டிசம்பர் 25ல் மாறியது. எடுத்த ஆண்டும் வெளியான ஆண்டும் வேறாக இருக்கலாம். 1945ல் குரோசாவா முடித்த ஒரு படம் நேசப்படைகளின் தணிக்கையில் சிக்கி 1952ல்தான் திரைக்கு வந்தது.

என்ன பார்ப்பது என்றால், ‘தலைசிறந்த நூறு’ பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரு நிறுவனத்தின் சில ஆண்டுகளைப் பிடியுங்கள். ஷோச்சிகு நிறுவனம் கமாட்டாவிலிருந்து ஓஃபுனாவுக்கு 1936ல் இடம்பெயர்ந்தது. பேசும்படம் வந்தபின் சுற்றுப்புறத் தொழிற்சாலைச் சத்தம் அதற்கு ஒரு காரணம். அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுப் படங்களில் கிடைப்பவை அனைத்தையும் பார்த்தால், ஒரே நடிகர்கள், ஒரே தெருக்கூடம், ஒரே நகைச்சுவை கைமாறிப் போவது தெரியும். மேதைகளை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. சிங்கப்பூரில் கேனிங் ரைஸில் ஆசியத் திரைப்படக் காப்பகத்தின் ஓல்டம் தியேட்டரும், ஆண்டுதோறும் நடக்கும் ஜப்பானியத் திரைப்பட விழாவும் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்புகள்.

வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்

முதல் ஆய்வுக்கு ‘ஒஸுவின் கேமரா உயரம்’ போன்ற தலைப்பு வேண்டாம். யேல், வசெடா பல்கலைக்கழகங்களில் அதைச் செய்ய ஆள் இருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழ் ஆய்வாளரால் மட்டும் நன்றாகச் செய்யக்கூடிய வேலை இங்கேயே கிடக்கிறது.

1943 ஜூனில் ஜப்பானிய ராணுவம் ஒஸுவைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி ஒரு பிரசாரப் படம் எடுக்க வேண்டும். படம் முடியவில்லை. அவர் கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், போர் முடிந்தபின் தடுப்பு முகாமில் இருந்து 1946 பிப்ரவரியில் ஊர் திரும்பினார். பிரசாரத் துறை இருந்தது டோபி காட் பக்கத்திலுள்ள கேத்தே கட்டடத்தில். அதே கேத்தே அரங்கில்தான் 1943 அக்டோபர் 21ல் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அந்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்திரள். ஆனால் ஒஸுவின் சிங்கப்பூர் நாட்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அவரும் சக கலைஞர்களும் பின்னாளில் சொன்னதை வைத்தவை. தமிழ் ஆவணங்களின் பக்கமிருந்து பார்த்தவர் மிகக் குறைவு.

செய்முறை இது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஆக்கிரமிப்புக் கால ‘சியோனான்’ ஆங்கில நாளிதழ் கிடைக்கும். சொல் தேடலை மட்டும் நம்பாதீர்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். ஒரு மாதத்தை எடுத்து நாள் நாளாக விளம்பரப் பக்கத்தைப் புரட்டுங்கள். இதழின் தலையில் 2603 என்று இருந்தால் மிரள வேண்டாம், அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு. 660ஐக் கழித்தால் 1943. காட்சி நேரம் டோக்கியோ நேரம். அதற்கு முந்தைய சிங்கப்பூர் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். மாலை 7 மணிக் காட்சி என்றால் ஊர்க்காரர் பழக்கத்தில் மாலை 5.30, வெயில் இருக்கும் நேரம். அரங்கின் பெயரும் மாறியிருக்கும்: கேத்தே அப்போது ‘தாய் தோவா கெகிஜோ’, பெருங்கிழக்காசிய அரங்கு. பழைய பெயரும் புதுப் பெயரும் தெருவும் கொண்ட ஒரு பட்டியலை முதலிலேயே போட்டுக்கொள்ளாவிட்டால் ஒரே அரங்கை இரண்டாக எண்ணிவிடுவீர்கள்.

அடுத்து தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள். ஜப்பானிய ஆக்கிரமிப்பு பற்றிய நேர்காணல்களில் தமிழில் பதிவானவையும் உண்டு. எழுத்துப்படியை மட்டும் படிக்காமல் ஒலியைக் கேளுங்கள். ‘பயாஸ்கோப்பு’, ‘ஜப்பான்காரன் படம்’ என்று போகிறபோக்கில் வரும் சொல்லை ஆங்கிலச் சுருக்கம் விட்டுவிடும். கேட்டதைச் சுருள் எண், நிமிடம் இரண்டோடும் குறியுங்கள். முதியவர் நினைவில் அரங்கும் படமும் சரியாக இருக்கும், ஆண்டு மட்டும் இடம் மாறும். விளம்பரத்தோடு ஒப்பிட்டுத்தான் நாளை உறுதிசெய்ய வேண்டும்.

எதிர்த்திசையிலும் தலைப்பு உண்டு. ரஜினிகாந்தின் ‘முத்து’ 1998ல் டோக்கியோவின் ஷிபுயாவில் சினிமா ரைஸ் அரங்கில் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. அதை ஜப்பானிய இதழ்கள் எப்படி எழுதின என்பதைத் தமிழும் ஜப்பானியமும் தெரிந்த ஒருவர்தான் ஒப்பிட்டு எழுத முடியும். 1954ல் வந்த ‘அந்த நாள்’ குரோசாவாவின் ‘ரஷோமோனி’லிருந்து பிறந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். 1950ல் வந்த ஒரு பிரிட்டிஷ் படத்தைச் சுட்டுபவரும் உண்டு. இரண்டு படத்திலும் பல கோணத்தில் கதை சொல்லப்படுகிறது என்பது சான்றாகாது. ‘ரஷோமோன்’ சென்னையில் எந்த நாள், எந்த அரங்கில் காட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

படிப்பும் டோக்கியோ பயணமும்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியவியல் துறை 1981 முதல் இருக்கிறது. வரலாறு அல்லது ஜப்பானியவியலில் இளங்கலை எடுத்துத் திரைப்படத்தை இறுதியாண்டு ஆய்வாக வைப்பது, நேரே திரைப்படக் கல்வியில் சேர்வதைவிடப் பயன்படும் என்பது எங்கள் கருத்து. காப்பகத்தில் தேடும் பழக்கம் வரலாற்றுத் துறையில்தான் வரும். மேற்படிப்புக்கு ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு இங்குள்ள ஜப்பானியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் ஆய்வுத் திட்டத்தில்தான். ‘ஜப்பானியப் படங்களில் குடும்பம்’ என்றால் ஒரு வரியிலேயே கவிழ்ந்துவிடும். எந்த நிறுவனம், எந்த ஆண்டுகள், எந்தக் காப்பகத்தில் எந்தத் தொகுப்பு, ஏன் ஜப்பானுக்கு வந்தே பார்க்க வேண்டும் என்று நான்குக்கும் விடை இருக்கட்டும். எந்தத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்றறிய திரைப்பட ஆய்வாளர்கள் நோர்ன்ஸும் ஜெரோவும் 2009ல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டி நூலை முதலில் படியுங்கள்.

டோக்கியோவில் முக்கிய இடங்கள்: கியோபாஷியில் தேசியத் திரைப்படக் காப்பகம், வசெடா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம், ஷோச்சிகு ஓதானி நூலகம். ‘கினெமா ஜுன்போ’ இதழ் 1919ல் தொடங்கியது, வெளியீட்டு நாள்களுக்கு அதுதான் முதல் வாசல். 1925க்குப் பின் உள்துறை அமைச்சின் தணிக்கை இதழ் படத்தின் மீட்டர் நீளத்தையும் வெட்டிய இடங்களையும் தரும். அட்டையில் நீளத்தை அங்கிருந்து எடுங்கள். நகலெடுக்கும்போது ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு நூலின் ஒரு பகுதிதான் தருவார்கள், பொதுவாகப் பாதிக்கு மேல் கிடைக்காது. கைப்பேசியால் படமெடுக்கவும் விட மாட்டார்கள். எனவே கையால் எழுதும் நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள், பென்சில் கொண்டுபோங்கள். காப்பகப் பிரதியைத் திரையிட்டுக் காட்டக் கட்டணம் உண்டு, பல வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரல் கடைசி விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் ஒபோன் என்ற முன்னோர் வழிபாட்டு விடுமுறை, ஆண்டிறுதி ஆகிய மூன்றையும் தவிருங்கள். பள்ளி விடுமுறை என்று டிசம்பர் கடைசியில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து வருவது நம்மூர்க்காரர் வழக்கமாகச் செய்யும் தவறு. மாலையில் ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். யகுச்சி ஷோத்தென் திரைப்படத்துக்கும் நாடகத்துக்குமான கடை. அங்கே கிடைக்கும் ஒரு நாலு பக்க விளம்பரத் தாளில் எந்த நூலிலும் இல்லாத நடிகர் பட்டியல் இருக்கும்.

வருமானமும் உரிமையும்

தொடக்கத்தில் காசு தருவது விழாக் குறிப்பும் வசனவரியும். 150 சொல்லில் ஒரு படத்தை அறிமுகப்படுத்துவது கைவந்தால் அழைப்பு வரும். வசனவரியில் வரிக்கு எவ்வளவு என்று பேசாமல் நிமிடத்துக்கு எவ்வளவு என்று பேசுங்கள். நேரக்குறியை யார் போடுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், அதுதான் பாதி வேலை. முழுநேரப் பதவி வேண்டுமானால் நூலகம், காப்பகம், அருங்காட்சியகப் பணிகளுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் அட்டைத் தொகுப்பில் பத்தை மாதிரியாக இணையுங்கள். தரவைப் பட்டியலிடத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம்.

நூல் எழுதும்போது படங்களின் உரிமை கழுத்தைப் பிடிக்கும். 1953ல் வெளியான படங்களின் காப்புரிமை முடிந்துவிட்டதாக ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2007ல் தீர்ப்பளித்தது. அதைக் கேட்டு, அதற்கு முந்தைய எல்லாமே பொதுச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. இயக்குநர் பெயரில் உரிமை அமைந்த பழைய படங்களுக்கு அவர் மறைந்து 38 ஆண்டு என்ற பழைய சட்டக் கணக்கு பொருந்தும். குரோசாவா மறைந்தது 1998ல், அந்தக் கணக்கில் 2036 வரை உரிமை உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பதிப்பாளர் தம் நாட்டுக் கணக்கைத்தான் கேட்பார். நிழற்படத்துக்கு நிறுவனத்திடம் அனுமதி கேட்க மூன்று மாதம் ஒதுக்குங்கள். கடிதத்தை ஜப்பானிய மொழியில் எழுதி, படத்தின் மூலத் தலைப்பு, வெளியான ஆண்டு, எந்தக் காட்சி, எத்தனை பிரதி அச்சாகும், விற்பனை விலை என ஐந்தையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் திரும்பத் திரும்பக் கேள்வி வராது.